பல பின்னல் வேலைகள் பாதியில் நிற்கின்றன, வீட்டாருக்கான பரிசுகளும் அதில் உண்டு. எதை முதலில் முடிப்பது?

குன்னூரில் இருக்கிறேன். இங்கே மாலை ஐந்து மணிக்கு மேல் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்குப் போவதே சிரமம். அதனால் பின்னல் ஊசி எங்கள் வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். என் கூடையிலும் இப்போது அரைகுறையாக நான்கு வேலைகள். அப்பாவுக்குக் கையில்லாத ஸ்வெட்டர், டெல்லியில் படிக்கும் மகனுக்கு மஃப்ளர், நாத்தனார் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர், மாமியாருக்கு ஒன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு மூன்று வேலைகள் ஒன்றாக ஓடுவதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை. மஃப்ளர் முழுக்க நிட், அதாவது நேர்ப் பின்னல் வரிசைதான், ஊசியைப் பார்க்காமலே கை போகும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அதைத்தான் எடுப்பேன். அப்பாவின் ஸ்வெட்டரில் முன்பக்கம் சடைப் பின்னல் வருகிறது, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எண்ணினால்தான் சரியாக வரும். ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் தின்பதில்லை.

எதை முதலில் முடிப்பது என்பதற்கு என் பதில்: வளர்கிற ஆளுடையதை. இதை நான் கற்ற விதம் இன்னும் வலிக்கிறது. தங்கை மகனுக்கு நான்கு மாதம் இருக்கும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன், ஆறு மாதக் குழந்தை அளவில். நடுவில் வேறு இரண்டு வேலைகள் வந்தன. முடித்துக் கொண்டுபோனபோது அவன் நடக்க ஆரம்பித்திருந்தான். தலையே உள்ளே நுழையவில்லை. "பரவாயில்லக்கா, நீ பின்னினதுன்னு எடுத்து வெச்சுக்கறேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. அன்றிலிருந்து குழந்தைத் துணி என்றால் ஒரு அளவு பெரிதாக, முன்பக்கம் பட்டன் வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்.

அடுத்து, ஒரு வேலையைக் கீழே வைக்கும்போது ஒரு சீட்டு எழுதி அதோடு குத்திவிடுங்கள்: ஊசி எண், ஊசியில் எத்தனை கண்ணி (நூல் வளையம்), எத்தனையாவது வரிசை, அடுத்தது நிட்டா, அதற்கு எதிர்ப்பக்கமான பர்லா. அப்பாவின் ஸ்வெட்டரை 10ஆம் எண் ஊசியில் ஆரம்பித்திருந்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்தபோது கையில் கிடைத்த 8ஆம் எண்ணில் தொடர்ந்துவிட்டேன். நம் பழைய கணக்கில் எண் கூடினால் ஊசி மெலியும். 10 என்பது 3.25 மில்லிமீட்டர், 8 என்பது 4. இருபது வரிசை போன பிறகுதான் மேலே தொளதொளவென்று விரிவது கண்ணில் பட்டது. அத்தனையும் பிரித்தேன். ரொம்ப நாள் எடுக்கமாட்டோம் என்று தெரிந்தால் ஊசியை உருவிவிட்டு, கண்ணிகள் வழியே வேறு நிறப் பருத்தி நூல் ஒன்றைக் கோத்து வைப்பது இன்னும் நல்லது. ஊசியிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அந்த ஒரு வரிசை மட்டும் இழுபட்டுத் தடம் விழும். ஊசியும் அடுத்த வேலைக்குக் கிடைக்கும்.

கை இறுக்கமும் மாதத்துக்கு மாதம் மாறும். ஸ்வெட்டரின் ஒரு கையை இன்று, மறு கையைத் தீபாவளிக்குப் பிறகு என்று பின்னினால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டு நூல் உருண்டை வைத்து இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் சேர்த்தே பின்னிவிடுங்கள். நூலையும் முழுசாக முதலிலேயே வாங்கிவிட வேண்டும். லேபிளில் நிற எண்ணோடு, எந்தத் தடவை சாயம் போட்டது என்று காட்டும் லாட் எண்ணும் இருக்கும். அது மாறினால் அதே நீலம் வெயிலில் வேறு நீலமாகத் தெரியும்.

அப்புறம், பரிசு என்றால் அவர்களையே கேட்டுவிடுங்கள். மாமியாருக்கு வேலைப்பாடுள்ள சால்வை ஒன்றை ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தேன். முடிக்கவும் மனசு வரவில்லை, விடவும் இல்லை. போன மாதம் நேராகவே கேட்டேன், "அத்தை, இது வேணுமா உங்களுக்கு?" அவர் தயங்கித் தயங்கி, "ஷால் ரெண்டு இருக்கும்மா. ராத்திரியில பாதந்தான் ஜில்லுனு ஆயிடுது" என்றார். அன்று இரவே சால்வையைப் பிரித்துவிட்டேன். பிரித்த கம்பளி நூல் சுருள் சுருளாக நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் காயும்போது நேராகிவிடும். அந்த நூலில்தான் இப்போது அவருக்கு சாக்ஸ் போடுகிறேன். முதல் சாக்ஸ் குதிகாலைத் தாண்டிவிட்டது.