வேண்டாம் என்பதும் யோசனைதான்

கேள்வி: இணைய நிர்வாகம் குறித்த விவாதங்களில் குறை சொல்பவர்கள் ஏராளம், மாற்று யோசனை தருபவர்கள் அரிது. ஆக்கபூர்வமான விமர்சனத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எதிர்மறை விமர்சனத்தை ஒதுக்கிவிடுவது நல்லதுதானே? — ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நல்லதல்ல. மாற்று யோசனையோடு வருபவர்தான் வாய் திறக்கலாம் என்று ஒரு விதி இருந்திருக்குமானால், 'டாட் ஆர்க்' என்று முடியும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகளின் நிர்வாகம் இன்று ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் போயிருக்கும். தொண்டு அமைப்புகள், சங்கங்கள், விக்கிப்பீடியா என்று லாப நோக்கமற்றவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் முகவரி அது. 2003 முதல் அதை நடத்திவரும் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரியும் லாப நோக்கமற்ற அமைப்புதான். அதன் தாய் அமைப்பு, இணையத் தரநிலைகளை வகுக்கும் பணிக்குத் துணைநிற்கும் இன்டர்நெட் சொசைட்டி.

இந்த முகவரிகளின் மொத்த விற்பனை விலையை (முகவரியை நமக்கு விற்பவர்களிடம் ரெஜிஸ்ட்ரி வாங்கும் விலையை) ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. முகவரி அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான் 2019இல் அந்த வரம்பை நீக்கப் போவதாக அறிவித்துக் கருத்துக் கேட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. அநேகமாக அனைத்துமே எதிர்ப்பு. அவற்றில் பல, நீக்காதீர்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத படிவக் கடிதங்கள். ஐகானின் குறைகேள் அதிகாரி அவற்றைக் குப்பை மின்னஞ்சலுக்கு ஒப்பானவை என்றே மதிப்பிட்டார். ஜூன் 30 அன்று வரம்பில்லாத ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 13 அன்று, பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரியை ஈதோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் போவதாக இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது, விலை 113.5 கோடி டாலர் என்பது பின்னர் தெரியவந்தது. ஐகானின் முன்னாள் தலைமை நிர்வாகி ஒருவர் வாங்கும் தரப்புக்கு ஆலோசகராக இருந்தார். விலை கட்டுப்பாடின்றி ஏறலாம் என்று ஒற்றை வரியில் எதிர்த்தவர்களின் அச்சம் ஐந்து மாதத்துக்குள் உண்மையாகும் நிலைக்கு வந்துவிட்டது.

விற்க முனைந்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நான் கருதவில்லை. விற்ற பணத்தை வைப்பு நிதியாக்கினால் இணையத் தரநிலைகளை வகுக்கும் பணிக்கு நிலையான வருமானம் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்; இணையத்தின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் விண்ட் செர்ஃபே விற்பனையை ஆதரித்தார். எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் ஈதோஸ் இறங்கிவந்தது: எட்டு ஆண்டுகளுக்கு விலை உயர்வு சராசரியாக ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டாது, கருத்துச் சுதந்திரத்தைக் கவனிக்க ஒரு மேற்பார்வைக் குழு அமைக்கப்படும் என்றது. நீங்கள் கேட்கும் ஆக்கபூர்வமான விமர்சகர் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? பத்தை ஏழாக்கலாமா, குழுவில் யாரைச் சேர்க்கலாம் என்று பேசியிருப்பார். பத்து சதவீதமே எட்டு ஆண்டுகளில், ஏறத்தாழ 10 டாலராக இருந்த மொத்த விற்பனை விலையை 21 டாலருக்குக் கொண்டுபோய்விடும். அதைவிட முக்கியமானது, விற்கலாமா என்ற கேள்வியே மேசையிலிருந்து அகன்று, எப்படி விற்கலாம் என்பது மட்டும் மிஞ்சியிருக்கும்.

இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷனோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகள் முதல் கேள்வியிலேயே நின்றன. விற்காதீர்கள் என்றன. ஐகான் பதிவுபெற்றிருக்கும் கலிபோர்னியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் 2020 ஏப்ரல் 15 அன்று எதிர்ப்புக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகானின் இயக்குநர் குழு விற்பனைக்கு ஒப்புதல் மறுத்தது. பொதுநல அமைப்பு முதலீட்டாளர்களுக்குக் கட்டுப்பட்டதாக மாறிவிடும் என்பதும், 36 கோடி டாலர் கடன் அதன் தலையில் ஏறும் என்பதும் மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் அடக்கம். மாற்று யோசனையும் வராமலில்லை: ஐகானின் முதல் தலைவர் எஸ்தர் டைசன் உள்ளிட்டோர் ஒரு கூட்டுறவு அமைப்பை உருவாக்கி, பொறுப்பை ஏற்கத் தயார் என்றார்கள். அதை நான் வரவேற்றேன். ஆனால் அந்த யோசனை வந்திராவிட்டாலும் விற்பனை தவறாகவே இருந்திருக்கும்.

வசையும் வதந்தியும் விமர்சனமாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறதா, எந்த விதியை எந்தக் காரணத்தால் எதிர்க்கிறது என்பதே நான் வைக்கும் அளவுகோல். அந்த அளவுகோல் ஆதரவுக்கும் பொருந்தும். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் திட்டம் 2015இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கி, பின்னர் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது. இப்படித் தளத்துக்குத் தளம் வேறுபடும் கட்டண முறைகள் பற்றி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த டிசம்பரில் கேள்விகளை வெளியிட்டபோது, ஃபேஸ்புக் தயாரித்துத் தந்த ஆதரவுக் கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன; கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் சுட்டிக்காட்டியது. இதை எதிர்ப்பவரும் இருக்க முடியுமா என்று மார்க் ஸக்கர்பெர்க் நாளிதழில் கட்டுரை எழுதினார். எதிர்த்த தன்னார்வலர்களோ கேள்விக்குக் கேள்வி விடை எழுதியிருந்தார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பிறப்பித்தது அந்தக் கட்டண முறைகளுக்கு ஒரு தடை ஆணை. மாற்றுத் திட்டம் எதையும் அது முன்வைக்கவில்லை.

அந்தக் கருத்துகளை டிராய் வெளியிட்டதால்தான் எது வெற்றுக் கடிதம், எது வாதம் என்று நமக்குத் தெரிகிறது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை 2022 நவம்பரில் வெளியிட்ட மின்னணு அமைச்சகம், வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. யார் ஆக்கபூர்வமாகப் பேசினார், யார் வெறும் குறை சொன்னார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இப்படி அமைச்சகத்திடம் மட்டுமே தங்கிவிட்டது. 2023இல் நிறைவேறிய அந்தச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்துகிறது. தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் வெளியிடலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் நீக்கப்பட்டிருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவலை வெளியிட 8(2) பிரிவில் இடம் இருக்கிறதே என்கிறது அரசு. அது இருக்கையில் இதையும் ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை. இதை எதிர்ப்பவர்களிடம் உங்கள் மாற்று என்ன என்று நீங்கள் கேட்டால், 2005இல் இயற்றிய வாசகத்தை அப்படியே திரும்ப வையுங்கள் என்பார்கள். என் பதிலும் அதுவே.