தெரிந்ததைச் செய்யாமல் தெரியாததைக் கேட்பது

வாசகர் கடிதம்:

ஐயா, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா என்று ரொம்ப நாளாக ஜெபிக்கிறேன். ஒரு ஊழியக்காரர், "கர்த்தர் உன்னை அழைக்கிறார்" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அடுத்த வாரமே ஒரு ஊழியத்திலிருந்து அழைப்பும் வந்தது. கதவு திறந்துவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் மனதில் சமாதானம் இல்லை, மனைவிக்கும் தயக்கம். தேவசித்தத்தை, அதாவது கர்த்தர் என்ன விரும்புகிறார் என்பதை, எப்படி அறிவது? அப்புறம், சொத்து விஷயத்தில் என் அண்ணனோடு சில வருடங்களாகப் பேச்சில்லை. தவறு என் பக்கமும் உண்டு. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் வேலையைப் பற்றிக் கர்த்தர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் அண்ணனைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று நம் இருவருக்குமே தெரியும். காணிக்கையோடு பலிபீடம் வரை வந்துவிட்டவனிடம், அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய் "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்து என்கிறார் இயேசு (மத்தேயு 5:23, 24). நீங்கள் கொண்டுவந்திருக்கும் காணிக்கை உங்கள் வாழ்க்கை முழுவதும். பெரிய காணிக்கைதான். ஆனால் வரிசை மாறவில்லை.

தேவசித்தம் என்றாலே வேலை, திருமணம், ஊர் மாற்றம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். தெசலோனிக்கே சபையாருக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதும்போது, பரிசுத்தமாய் வாழ்வதையும் எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதையும்தான் தேவனுடைய சித்தம் என்கிறார். வழிநடத்துதலில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் நடக்கிறவனுக்குத்தான் மீதியைக் கேட்கும் காது உண்டாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கதவு திறந்தது பற்றி. நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொன்ன யோனா தீர்க்கதரிசி, அவருக்குத் தப்பி ஓட யோப்பா துறைமுகத்துக்குப் போனால், தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நிற்கிறது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. கீழ்ப்படியாமைக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது! தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா எங்கேதி குகையில் தனியாக வந்து அகப்பட்டபோது, இது கர்த்தர் கொடுத்த நாள் என்று தாவீதின் ஆட்களே சொன்னார்கள். வசனம் போலவே பேசினார்கள். தாவீது சவுலைக் கொல்லவில்லை. கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கைபோடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். வாய்ப்பு எவ்வளவு பொருத்தமாக வந்தாலும், தெரிந்த கட்டளையை அது தள்ளிவைக்க முடியாது.

மூடின கதவும் அப்படித்தான். ஊழியப் பயணத்தில் பவுலுக்கு ஆசியா என்ற மாகாணம் தடைபட்டது, பித்தினியாவும் தடைபட்டது. துரோவா பட்டணத்தில்தான், வந்து உதவிசெய்யும்படி மக்கெதோனியன் ஒருவன் அழைக்கும் தரிசனம் கிடைத்தது. அதை நம்பிப் போன பிலிப்பியில் அடியும் சிறையும். நடந்துகொண்டே இருந்தவருக்குத்தான் வழி தெரிந்தது. அந்த வழி சுகமாகவும் இல்லை.

மனதில் சமாதானம் இல்லை என்கிறீர்கள். அது வேலை விஷயத்தால்தானா, அண்ணனாலா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. எப்படியானாலும் மன அமைதியை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று ஜெபித்த இயேசுவின் வேர்வை கெத்செமனேயில் இரத்தத்தின் பெருந்துளிகளைப் போல விழுந்தது.

தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ண வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இரண்டையுமே வேதம் சொல்கிறது. உங்கள் சபைப் போதகரிடமும் பேசுங்கள். மனைவியின் தயக்கத்தைத் தடையாக நினைக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். அவர் மனதார இணங்கும்வரை ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்.

சரி, அண்ணனிடம் போகும்போது ஊழியத்துக்குப் போவதால் வந்தேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் பக்கத் தவறை மட்டும் சொல்லுங்கள். சொத்தில் அவருக்குச் சேர வேண்டியது உங்களிடம் இருந்தால், அதைக் கொடுக்கும் ஏற்பாட்டோடு போங்கள். அவர் முகம் கொடுக்காமல் போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது. இந்த வாரமே போங்கள். உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன்.