தெ கிராஸும் சுஃப்ரேனும்: கடிதம்

வணக்கம் ஐயா,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய கட்டுரையில், யார்க்டவுன் வெற்றியில் பாதிப் பங்கைப் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெ கிராஸுக்குக் கொடுத்திருந்தீர்கள். 1781 செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடாவுக்கு வெளியே நடந்த சண்டையில் அவர் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. அடுத்த ஆண்டே தோற்றுப் பிடிபட்டார். எங்கள் ஊர்க் கடலில் போரிட்ட இன்னொரு பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனுக்குப் பக்கத்தில் அவரை வைக்கலாமா?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

சண்டை போடுவதில் சுஃப்ரேன்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் நான் தெ கிராஸை மதிப்பது செப்டம்பர் 5-க்காக அல்ல, அதற்கு முந்தைய ஜூலைக்காக.

அப்போது அவர் கரீபியனில், இன்றைய ஹைட்டியின் காப் பிரான்சே துறைமுகத்தில் இருந்தார். அமெரிக்காவில் பிரெஞ்சுத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய ரோஷாம்போவிடமிருந்து உதவி கேட்டுக் கடிதங்கள் வந்திருந்தன. வணிகக் கப்பல்கள் சரக்கோடு பிரான்ஸ் புறப்படக் காத்திருந்தன. அவற்றுக்குக் காவலாகப் போர்க்கப்பல்களைப் பிரித்து அனுப்புவதுதான் வழக்கம். தெ கிராஸ் வணிகர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, 28 போர்க்கப்பல்களையும் வடக்கே கொண்டுபோனார். கூடவே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், ஹவானாவில் திரட்டிய பணம். அவர் படையைப் பிரிப்பார் என்றே கணக்குப் போட்ட ஆங்கிலத் தளபதி ராட்னி, 14 கப்பல்களை மட்டும் அனுப்பினார். நியூயார்க்கில் இருந்தவற்றையும் சேர்த்து, அங்கிருந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி கிரேவ்ஸ் கையில் 19. எதிரே வந்து நின்றவை, தெ கிராஸின் 28-இல் 24. சண்டை தொடங்கும் முன்பே பாதி முடிந்துவிட்டது என்று சொல்வேன்.

மூழ்கடிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. யார்க்டவுனில் இருந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸுக்குக் கடல்வழியே உதவி வராதபடி விரிகுடாவின் வாயை அடைத்தால் போதும். கிரேவ்ஸைச் சில நாள் வெளிக்கடலிலேயே இழுத்துவைத்தார். அந்த இடைவெளியில் நியூபோர்ட்டிலிருந்து மற்றொரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பார்ரா முற்றுகைப் பீரங்கிகளோடு உள்ளே நுழைந்துவிட்டார். பணி மூப்பில் பார்ராதான் பெரியவர். இளையவரின் கீழ் போக முதலில் மனமில்லாமல், வாஷிங்டனும் ரோஷாம்போவும் வற்புறுத்திய பிறகே வந்தார். அவருக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். கிரேவ்ஸ் நியூயார்க் திரும்பினார், அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

சரி, 1782 ஏப்ரல் 12 தோல்வி? அதை மறைக்க மாட்டேன். அதைவிட, பிறகு தன் கப்பல் தலைவர்கள்மீது அவர் பழி போட்டதுதான் எனக்கு வருத்தம். ஆனால் அதே ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கடலில் ஆங்கிலேயர் ஹியூஸோடு மோதிய உங்கள் சுஃப்ரேனுக்கும் இதே குறை இருந்தது: கப்பல் தலைவர்கள் சிலர் நெருங்கி வராமல் தள்ளியே நின்றார்கள்.