வெறுங்காணித் தோட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நான் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் 2 பரப்புக் காணியில் (16 பரப்பு ஒரு ஏக்கர்), 2022 பொருளாதார நெருக்கடி நேரம் சில குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய தோட்டம் இன்னும் நடக்கிறது. மண், தண்ணீர், மரக்கறி பற்றிக் கேளுங்கள். கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன்.

மானிப்பாய்: எட்டு வீட்டுக்காரர் சேர்ந்து தொடங்குகிறோம். முதலில் எதைப் போடலாம்?

முளைக்கீரை. ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். முதல் மாதம் ஒன்றும் கிடைக்காவிட்டால் எட்டு வீடு மூன்றாகிவிடும், கண்டிருக்கிறேன். அப்புறம் பயிற்றை, வெண்டி, கத்தரி. வேலிக்கு முருங்கைக் கதியால் (ஊன்றினால் துளிர்க்கும் தடி). குளிக்கும் தண்ணீர் ஓடுகிற பக்கம் பசளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை விதைக்காதீர்கள், அடிபட்டுப் போகும். மிளகாய், வெங்காயம் முதல் வருடம் வேண்டாம். இலைச்சுருளுக்கு மருந்து தேடி ஓடவே நேரம் சரியாகிவிடும்.

சுன்னாகம்: கொஞ்சம் யூரியா போட்டால் என்ன, ஐயா?

எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, மழை இறங்கி நிற்கிற தண்ணீர்தான் எல்லாம். பயிர் எடுக்காமல் மிஞ்சும் யூரியா நைத்திரேற்றாகி நீங்கள் குடிக்கிற கிணற்றுக்கே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் வலிகாமப் பகுதியில் அதைத் தாண்டிய கிணறுகள் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. காய்ச்சினாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் கட்டாயம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும்.

2021இல் அரசாங்கம் செய்தது போல ஒரே நாளில் இரசாயன உரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அதன் பலனைப் பார்த்தோம். ஆனால் இரண்டு பரப்புக் கீரைக்கு யூரியா தேவையே இல்லை. பூவரசங்குழையை மண்ணுக்குள் தாழுங்கள், ஆட்டெரு போடுங்கள். ஆட்டெருவும் அளவு மீறினால் இதே கதைதான். எருக்கும்பியைக் கிணற்றடியில் குவிக்காதீர்கள்.

நல்லூர்: மாடியில் செய்யலாமா?

சாக்கில் கத்தரி, பசளி வரும். தளம் தாங்குமா என்று மேசனைக் கேளுங்கள்.

கொக்குவில்: பக்கத்தில் 4 பரப்புப் பற்றையாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் கனடாவில். நாங்களே வெட்டித் துப்புரவாக்கிப் பயிர் செய்யலாமா?

கேட்காமல் கால் வைக்காதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ரொறன்ரோ: இப்படித்தான் தோட்டம் என்று நுழைவார்கள். 10 வருடம் போனால் காணி அவர்களுக்கு. நாங்கள் வேர்வை சிந்தி வாங்கிய காணி.

கொக்குவில், இன்னொருவர்: உங்கள் காணியில் பெருகின நுளம்பால் என் மகளுக்கு டெங்கு. அதற்கு யார் பொறுப்பு?

இரண்டு பேரும் நில்லுங்கள். ரொறன்ரோத் தம்பி, உங்கள் பயம் சும்மா பயமில்லை. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10 வருட ஆட்சியுரிமை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது உங்கள் உரித்துக்கு எதிராக, தன் காணி போல இருப்பவருக்குத்தான். உங்கள் அனுமதியில் இருப்பவர் அப்படிக் கேட்க முடியாது. ஆகவே அந்தக் கடுதாசி காப்பாற்றுவது உங்களைத்தான். சும்மா விட்டால்தான் யாரோ ஒருவர் ஒரு மூலையில் கொட்டில் போடுவார்.

நாங்கள் எழுதுவது இப்படி: ஒரு வருடத்துக்கு மட்டும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தென்னை, மா நடக்கூடாது. கட்டடம், கிணறு கூடாது. கேட்டால் மூன்று மாதத்தில் விட்டுவிட வேண்டும். சொந்தக்காரரின் ஆட்கள் ஊரில் இருந்தால் கிழமைக்கு ஒரு பை மரக்கறி. கையெழுத்துக்கு முதல் நொத்தாரிசிடம் காட்டுங்கள், நான் சட்டத்தரணி இல்லை.

ரொறன்ரோ: அப்படியென்றால் அந்தக் கடுதாசி மாதிரியை அனுப்புங்கள், அம்மாவிடம் காட்டுகிறேன்.

அனுப்புகிறேன். கொக்குவில்காரர் டெங்குக் கதையை இத்துடன் விடட்டும்.

உரும்பிராய்: முதலில் எதைப் போடலாம்?

மேலே முதல் பதில்.

இணுவில்: விளைந்ததை எப்படிப் பங்கிடுவது?

சண்டை இங்கேதான் வரும். வேலைக்கு வந்த நாள் கணக்கில் பிரித்தோம். தனியாக இருக்கிற முதியவர்களுக்கு ஒன்றும் போகவில்லை, மரக்கறி கூடுதலாகத் தேவைப்பட்டவர்களே அவர்கள்தான். இப்போது பிடுங்குகிற நாளில் முதல் கட்டுகள் அவர்களுக்கும் முன்பள்ளிக்கும். மிச்சம் வேலை செய்தவர்களுக்கு. அதற்கும் மிஞ்சினால்தான் விற்பனை, அந்தக் காசு மோட்டர் கரண்டுக்கு.

சாவகச்சேரி: ஆபிரிக்க நத்தைக்கு உப்புத் தூவலாமா?

பாத்தியில் தூவாதீர்கள், மண் கெடும். இரவில் டோர்ச்சுடன் போய்க் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள்.

கைதடி: நீரிழிவுக்குக் குறிஞ்சா இலை சாப்பிட்டால் மாத்திரையை விடலாமா?

கிளினிக்கில் கேளுங்கள். குறிஞ்சா எனக்குச் சுண்டல், மருந்தல்ல.

ஏழாலை: கொஞ்சமாக யூரியா போட்டால்...

கிணறு. சுன்னாகத்துக்குச் சொன்னதை வாசியுங்கள். ஐந்து மணிக்கு இறைப்பு முறை என்னுடையது, போகிறேன்.