துணி கட்டினா கிருமி நிக்குமா? தண்ணி பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க மாமியார் குழாய் வாயில வெள்ளை வேட்டித் துணியை மடிச்சுக் கட்டித்தான் தண்ணி பிடிப்பாங்க. காலேஜ் படிக்கிற என் பையன் "இது வேஸ்ட், கிருமி இதுல நிக்காது"ன்னு பாட்டிகிட்ட தினமும் சண்டை. யார் சொல்றது சரி?
வாசகி, கும்பகோணம்

பையன் சொல்ற கணக்கு சரிதாம்மா. வயித்தைக் கெடுக்குற பாக்டீரியா எல்லாம் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான் இருக்கும், ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, துணியோட ஓட்டை அதைவிட பல மடங்கு பெருசு. ரவை சலிச்சா மாவு கீழ இறங்குற மாதிரி கிருமி இறங்கிடும். ஆனா அதுக்காக பாட்டியை ஒதுக்கிட முடியாது, ஏன்னா இதே துணியை வெச்சு பங்களாதேஷ்ல ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கு, எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி அது.

மத்லப்னு ஒரு பகுதி, குளத்துத் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் குடிக்கிற ஜனங்க நிறைய, காலரா திரும்பத் திரும்ப வர்ற இடம். அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல்லும் அவங்களோட வேலை செஞ்ச அன்வர் ஹக்கும் என்ன பார்த்தாங்கன்னா, காலரா கிருமி தண்ணில தனியா மட்டும் திரியல, கோபிபாட்னு சொல்ற குட்டி குட்டி மிதவை உயிரினம் இருக்கு இல்லையா, அதோட உடம்புலயும் முட்டைப் பையிலயும் கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரே கோபிபாட்ல ஆயிரக்கணக்குல இருக்கலாம். அப்போ கிருமியைத் துரத்த வேண்டாம், அது ஏறி உக்காந்திருக்குற ஆளைப் பிடிச்சா போதுமே! அது துணியில நிக்குற சைஸ்தான். பழைய காட்டன் சேலையை நாலு மடிப்பாவது வர்ற மாதிரி மடிச்சு குடத்து வாயில கட்டச் சொன்னாங்க. இதுல புதுச் சேலையை விட பழசு நல்லா வேலை செஞ்சுது, துவைச்சுத் துவைச்சு நூல் பிரிஞ்சு பஞ்சு மாதிரி ஆகி ஓட்டை சுமார் 20 மைக்ரானுக்கு சுருங்கிடுது. 65 கிராமம், 1,33,000 பேர் கிட்ட, 1999ல ஆரம்பிச்சு 2002 வரைக்கும் பார்த்தாங்க, ரிசல்ட் 2003ல வந்துச்சு. சேலையில வடிகட்டின கிராமங்கள்ல காலரா 48 சதவீதம் கம்மி. காசு செலவில்லாத ஒரு துணி! சில வருஷம் கழிச்சு திரும்பப் போய்ப் பார்த்தா 31 சதவீதம் பெண்கள் யாரும் சொல்லாமலே தொடர்ந்து வடிகட்டிட்டு இருந்தாங்க, அக்கம்பக்கத்துல வடிகட்டாத வீடுகளுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு கிடைச்சிருந்துச்சு.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். உங்களுக்கு வர்றது குளத்துத் தண்ணி இல்ல, பைப் தண்ணி. அதுல பயப்பட வேண்டியது எங்கயோ பைப் ஓட்டையாகி சாக்கடை கலக்குறதைத்தான், அப்படிக் கலந்தா வர்ற கிருமி எதுமேலயும் ஏறி வர்றதில்ல, தனித்தனியா மிதந்து வரும், துணி அதைப் பிடிக்காது. துரு, மண்ணு, புழு இதெல்லாம் நிக்கும், அதனால கட்டுறதை நிறுத்தச் சொல்லாதீங்க. ஆனா ஈரத்துணியை நாள்கணக்கா குழாயிலேயே விட்டுடாதீங்க, அதுவே கிருமிக்கு வீடாயிடும். தினமும் அவுத்துத் துவைச்சு நல்ல வெயில்ல காயப் போடணும், குடிக்கிற தண்ணியை அதுக்கப்புறம் கொதிக்க வைக்கணும்.

கேள்வி: எவ்ளோ நேரம் கொதிக்கணும்? சிலர் 20 நிமிஷம்ங்கறாங்க, கேஸ் விக்கிற விலைக்கு கட்டுபடியாகுமா?
வாசகர், ஊட்டி

20 நிமிஷம் தேவையே இல்லைங்க. தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷம் போதும். ஆனா நீங்க ஊட்டில இருக்கீங்க, 7,000 அடிக்கு மேல, அங்க தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே சுமார் 92, 93 டிகிரிலேயே கொதிச்சிடும், அதனால 6,500 அடிக்கு மேல இருக்குறவங்க மூணு நிமிஷம் விடணும்னு சொல்றாங்க. கொதிக்க வெச்ச பாத்திரத்துலயே மூடி ஆறவிடுங்க, வேற குடத்துல ஊத்தி அதுக்குள்ள டம்ளரை கையோட முக்குனா செஞ்சது எல்லாம் வீண்.

கேள்வி: ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு பாட்டில்ல கூழாங்கல், மணல், கரி போட்டு ஃபில்டர் செஞ்சேன், கலங்கல் தண்ணி கண்ணாடி மாதிரி வந்துச்சு, குடிக்கலாமான்னு கேட்டா டீச்சர் கூடாதுன்னுட்டாங்க. ஏன்?
எட்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

டீச்சர் சொன்னதுதான் சரி கண்ணு, ஆனா நீ செஞ்சது நல்ல விஷயம். கலங்கல் போறது வேற, கிருமி போறது வேற. உன் பாட்டில்ல தண்ணி கடகடன்னு இறங்கிடுது, மணலும் புதுசு. மணல் வடிகட்டி கிருமியைக் கொல்லணும்னா அது உயிரோட இருக்கணும்! பெரிய தொட்டியில தண்ணியை ரொம்ப மெதுவா, மணிக்கு 10 லேர்ந்து 30 சென்டிமீட்டர்தான் இறங்குற மாதிரி விட்டா, ஒரு ரெண்டு வாரத்துல மணலோட மேல்பரப்புல வழவழன்னு ஒரு படலம் வளரும், பாசி, நல்ல பாக்டீரியா, அதைத் தின்னுற ஒருசெல் உயிரிங்க எல்லாம் சேர்ந்தது. மேல இருந்து வர்ற கிருமியைப் பிடிச்சுத் தின்னுறது இந்தக் கூட்டம்தான்.

இதோட பலம் 1892ல ஜெர்மனியில தெரிஞ்சுது. ஹாம்பர்க், ஆல்டோனா ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்குற ஊரு, ரெண்டும் எல்பே ஆத்துத் தண்ணிதான் குடிச்சாங்க. சொல்லப்போனா ஆல்டோனாவுக்குத்தான் மோசமான தண்ணி, ஹாம்பர்க்கோட சாக்கடை எல்லாம் கலந்த பிறகு கீழ வந்து எடுக்குறாங்க. ஆனா அவங்க மணல்ல வடிகட்டுனாங்க, ஹாம்பர்க் வடிகட்டல. காலரா வந்தப்போ ஹாம்பர்க்ல சுமார் 8,600 பேர் செத்துட்டாங்க, ஆல்டோனா பெருசா பாதிக்கப்படாம தப்பிச்சுது. எல்லையில இருந்த தெருவுல ஒரு பக்கம் சாவு, எதிர்ப்பக்கம் ஒண்ணுமில்ல. அடுத்த குளிர்காலத்துல பனி உறைஞ்சு ஆல்டோனாவோட மணல் படுகை கெட்டப்போ அங்கயும் கொஞ்ச பேருக்குக் காலரா வந்துச்சு, ஜெர்மன் கிருமி விஞ்ஞானி ராபர்ட் காக் அதைக் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கார். உன் ப்ராஜெக்ட் நோட்ல இந்தக் கதையையும் எழுதிடு.

கேள்வி: எங்க கிணத்துல கெண்டை மீன் கும்பலா நீந்துது. மீன் உயிரோட இருந்தா தண்ணி நல்ல தண்ணிதானே?
வாசகர், தர்மபுரி

இல்லைங்க அண்ணே, இதை நம்பி நிறைய பேர் ஏமாந்திருக்காங்க, அதுவும் உங்க மாவட்டத்துல இருந்து இந்தக் கேள்வி வர்றப்போ எனக்குக் கவலையாவே இருக்கு. உங்க பக்கம் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு ஜாஸ்தி, பல்லு காவி ஏறி எலும்பு வளைஞ்சு போன ஜனங்களை நீங்களே பார்த்திருப்பீங்க, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தான் வந்துச்சு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் தாண்டக்கூடாது, வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும்னு இந்தியத் தரம் சொல்லுது. அதைத் தாண்டின தண்ணியிலயும் மீன் ஜாலியா நீந்தும். நைட்ரேட்டும் அப்படித்தான், உரம் போட்ட வயல் பக்கத்துக் கிணறுகள்ல சேரும், 45 மில்லிகிராம்தான் வரம்பு, தாண்டுன தண்ணியில பால் பவுடர் கரைச்சுக் கொடுத்தா பச்சைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாய்ஞ்சிடலாம். டைஃபாய்டு கிருமியோ காலரா கிருமியோ மீனை ஒண்ணும் பண்ணாது.

தலைகீழாவும் பாருங்க. கார்ப்பரேஷன் தண்ணியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும், நமக்கு அது பாதுகாப்பு, ஆனா அதே தண்ணியை நேரா மீன் தொட்டியில ஊத்துனா மீன் தத்தளிக்கும், மீன் வளர்க்குறவங்களுக்குத் தெரியும்.

மீனை வெச்சு விஷத்தைச் சோதிக்கிறது நிஜமாவே ஒரு விஞ்ஞானம்தான். 96 மணி நேரத்துல பாதி மீன் சாகுற அளவு எதுன்னு பார்ப்பாங்க, டாஃப்னியான்னு ஒரு குட்டித் தண்ணிப்பூச்சியை 48 மணி நேரம் வெச்சுப் பார்ப்பாங்க. ஆனா அதுலயே ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வரும். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் மழை பெஞ்சா ஓடைக்கு முட்டை போட வர்ற கோஹோ சால்மன் மீனுங்க முட்டை போடுறதுக்கு முன்னாடியே செத்து மிதந்துச்சு, வருஷக்கணக்கா காரணம் புரியல. 2020 கடைசியில கண்டுபிடிச்சாங்க, கார் டயர் ரப்பர் சீக்கிரம் விரிசல் விடாம இருக்க சேர்க்குற ஒரு கெமிக்கல், காத்துல இருக்குற ஓசோனோட சேர்ந்து வேற ஒண்ணா மாறி, டயர் தேயுற தூளோட ரோட்டுல கிடந்து மழையில ஓடைக்குப் போகுது. லிட்டருக்கு 100 நானோகிராமுக்கும் (ஒரு நானோகிராம்னா கிராம்ல நூறு கோடியில ஒரு பங்கு) கம்மியான அளவே பாதி கோஹோவைக் கொல்லப் போதும். அதே தண்ணியில சம் சால்மன்னு அதோட சொந்தக்கார மீனு ஒண்ணும் ஆகாம நீந்துது! அப்போ கெண்டை நீந்துறதை வெச்சு நம்ம பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்னு எப்படிச் சொல்றது?

கேள்வி: ஆர்ஓ, யுவி, யுஎஃப் எல்லாம் சேர்ந்த மெஷின் வாங்கணும்னு சேல்ஸ்மேன் சொல்றார். எங்க மெட்ரோ வாட்டர் டிடிஎஸ் 300 காட்டுது. 99 சதவீதம் கிருமி போகும்னு எழுதியிருக்கு, நம்பலாமா?
வாசகர், வேளச்சேரி

ஆர்ஓன்னா கரைஞ்ச உப்பையும் பிடிக்கிற சவ்வு, யுஎஃப்னா கிருமியை நிறுத்துற நுண்ணிய வடிகட்டி, யுவின்னா கிருமியைக் கொல்ற புற ஊதா வெளிச்சம். முதல்ல டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது, கரைஞ்ச உப்பைத்தான் காட்டும். 500க்குக் கீழன்னா உப்புக்காக ஆர்ஓ தேவையில்ல, குடிக்கிற தண்ணியை விட அதிகமா சாக்கடைக்கு அனுப்புற மெஷினுங்க நிறைய இருக்கு, தண்ணி பஞ்சம் பார்த்த சென்னைக்கு அது அநியாயம். 2019ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 500க்குக் கீழ இருக்குற இடத்துல ஆர்ஓ வேண்டாம்னு தடை கொண்டுவரச் சொல்லுச்சு. ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் மாதிரி கரைஞ்ச விஷம் இருந்தா கதை வேற, அங்க ஆர்ஓ உதவும்.

99 சதவீதம்னா கேக்க நல்லா இருக்கும், ஆனா லிட்டருக்கு பத்து லட்சம் கிருமி இருந்தா அதுல பத்தாயிரம் மிச்சம். 99.99ன்னா நூறுதான் மிச்சம். அதனால புள்ளிக்கு அப்புறம் எத்தனை ஒன்பதுன்னு கேளுங்க, பாக்டீரியாவுக்கு மட்டுமா வைரஸுக்குமான்னும் கேளுங்க. ஏன்னா வைரஸ் ரொம்பச் சின்னது, மஞ்சக்காமாலை தர்ற ஹெபடைடிஸ் ஏ சுமார் 0.03 மைக்ரான். வைரஸ்னு ஒண்ணு இருக்குறதே ஃபில்டரால தெரிஞ்சதுதான்: 1884ல பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரோட லேப்ல சேம்பர்லாண்ட் பீங்கான் வடிகட்டி செஞ்சார், பாக்டீரியா அதுல நின்னுடும். 1892ல ரஷ்யாவுல இவனோவ்ஸ்கி நோய் வந்த புகையிலைச் சாறை அதுல வடிகட்டினார், வடிகட்டின சாறும் நோயைக் கொடுத்துச்சு!

உங்க தண்ணிக்கு யுஎஃப்பும் யுவியும் இருக்குற மெஷினே போதும்னு நான் நினைக்கிறேன். யுவி விளக்கு எரியுது ஆனா பலம் குறைஞ்சிடும், சொன்ன காலத்துல மாத்திடுங்க, தண்ணி கலங்கலா இருந்தா வெளிச்சம் கிருமி வரைக்கும் போகாது.

கேள்வி: சோதிக்கணும்னா எங்க போறது?
வாசகி, சிவகங்கை

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்ல ஆய்வகம் இருக்கு, பொதுமக்கள் கட்டணம் கட்டி தண்ணி கொடுக்கலாம். கிருமி டெஸ்ட்டுக்கு வீட்டு பாட்டில்ல எடுத்துட்டுப் போகாதீங்க, சுத்திகரிச்ச பாட்டிலை அங்கயே கேட்டு வாங்குங்க, குழாயை கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிச்சு ஐஸ்ல வெச்சு அன்னிக்கே கொடுத்துடுங்க. 100 மில்லியில மலத்துல இருந்து வர்ற ஈ.கோலை பாக்டீரியா ஒண்ணுகூட இருக்கக்கூடாது, அதுதான் விதி. கிராமத்துல ஊராட்சிக்குக் கொடுத்திருக்குற டெஸ்ட் கிட்ல ஹெச்2எஸ் குப்பின்னு ஒண்ணு இருக்கும், தண்ணி ஊத்தி வெச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல கறுத்துப் போச்சுன்னா மலக்கழிவு கலந்திருக்கலாம்னு அர்த்தம். உடனே கொதிக்க வைக்க ஆரம்பிச்சிடுங்க, பஞ்சாயத்துல எழுதிக் கொடுத்து, பைப் எங்க உடைஞ்சிருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க.