3,000 ரூபாய்க்குள் மெக்கானிக்கல் கீபோர்டு: முதலில் ழ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறேன். 3,000 ரூபாய்க்குள் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவது உருப்படியான செலவா? 500 ரூபாய் கீபோர்டே போதாதா?

உருப்படியான செலவுதான். ஆனால் எதை வாங்குவது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு தடவை தவறிப்போய் 2,400 ரூபாய் வீணாகியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்போ டிடிபியோ செய்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். கேம் விளையாடுபவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். எனக்கும் அதே பிழைப்புதான். 1996-இல் பிளஸ் டூ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து ‘யளனக’ அடித்துப் பழகினேன். லோயர், ஹையர் தேர்வு இரண்டும் முடித்து, பல வருடம் அச்சகங்களில் பக்கம் கட்டினேன். இப்போது ஏழு வருடமாக வீட்டிலேயே மொழிபெயர்ப்பு. டைப்ரைட்டர் முறையை விட்டு, தமிழ்99 என்ற கணினி விசை அமைப்புக்கு மாறியும் ரொம்ப நாளாகிறது.

சாதாரண கீபோர்டு மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நாலு மெயில் அனுப்புகிறவருக்கு அதுவே தாராளம். ஆனால் அதற்குள் இருப்பது ஒரு ரப்பர் குமிழ். அந்தக் குமிழ் முழுதாக மடங்கி அடியில் இருக்கும் தாளைத் தொட்டால்தான் எழுத்து விழும். அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் தரைவரை அழுத்தியாக வேண்டும். மெக்கானிக்கலில் அப்படியில்லை, ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த தனி சுவிட்ச் இருக்கும். சாதாரணத்தில் வருடம் திரும்புவதற்குள் குமிழ் இறுகிவிடும், ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் சிக்கும். மூன்று வருடத்தில் மூன்று கீபோர்டு மாற்றினேன். அது போகட்டும், காசு கணக்கு. வலது கைச் சுண்டுவிரல்தான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது.

தமிழ்99-இல் அடிப்பவர்களுக்கு இது புரியும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். வலது சுண்டுவிரலின் பொறுப்பில் மட்டும் ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘பி’யைத் தவிர மற்றவை நிறுத்தற்குறிகளும் அடைப்புக்குறிகளும்தான், எப்போதாவது தொடுவார்கள். நமக்கு ச, ந, ய இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. இருப்பதிலேயே பலம் குறைந்த விரலுக்கு இவ்வளவு வேலை. இரவு பாத்திரம் தேய்க்கும்போது அந்த விரலை மடக்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனேன். வேலையைக் குறையுங்கள் என்றார். வேலையைக் குறைத்தால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

கீபோர்டு மாற்றினால் வலி தீரும் என்று நான் வைத்தியம் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். எனக்குக் குறைந்தது, என்ன மாற்றினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாங்கியது தப்பு. மகள் தன் முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கிக்கொடுத்தாள். 61 விசை மட்டுமே உள்ள குட்டிப் பலகை, நீல சுவிட்ச். அடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ‘டிக்’ என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இன்ஸ்டிடியூட் ஹாலில் இருபது மெஷின் ஒன்றாக ஓடுவது காதுக்கு வந்துவிட்டது. முதல் நாள் உண்மையிலேயே கண் கலங்கினேன். ஆனால் எங்கள் வீட்டில் ஹாலும் அலுவலகமும் ஒன்றேதான். மாமியார் பத்து அடி தள்ளிப் படுத்திருப்பார். நான்காம் நாள் இரவு, “ஏம்மா, கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா?” என்றார். நீல சுவிட்ச்சில் மெதுவாக என்பதே கிடையாது. சத்தம் விரலின் வேகத்தில் இல்லை, சுவிட்ச்சுக்குள்ளேயே இருக்கிறது.

அதைக்கூடச் சமாளித்திருப்பேன். ழ-வைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை. சாய்கோடு (/) விசையே மேல் அம்புக்குறியாகவும் வேலை செய்யும். ஏதோ இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும், மாறியது தெரிய ஒரு விளக்குகூட இல்லை. தமிழ்99-இல் சாய்கோடு விசைதான் ழ. ‘தமிழ்’ என்று அடிக்கப் போனால் ‘தமி’ வரை வந்து, கர்சர் மேல் வரிக்குத் தாவி, அடுத்து அடித்ததெல்லாம் அங்கே போய் விழும். மொழியின் பெயரையே எழுத விடாத கீபோர்டு! வடிவமைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஆங்கிலத்தில் சாய்கோட்டை யார் பெரிதாகத் தொடுகிறார்கள்? ஆனால் நம் காசு, நம் மொழி. நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிறவராக இருந்தால் இந்த ழ பிரச்சினை உங்களுக்கு வராது. குட்டிப் பலகையே போதும், மேசையில் இடமும் மிச்சம்.

மகள் மனம் நோகக் கூடாதே என்று நான்கு மாதம் ஓட்டினேன். பிறகு அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் கேம் விளையாட வைத்திருக்கிறான். அடுத்து 2,700 ரூபாய்க்கு நானே பார்த்து வாங்கியதுதான் இப்போதும் இருக்கிறது: 87 விசை, சிவப்பு சுவிட்ச், சுவிட்ச்சை நாமே கழற்றி மாட்டும் வசதி. வலது பக்க நம்பர் விசைகள் மட்டும் இருக்காது. அம்புக்குறி, டெலீட், ஹோம், எண்ட் எல்லாம் தனித்தனியாக இருக்கும். மௌஸும் கைக்குப் பக்கத்தில் வந்துவிடும், தோளுக்கு நல்லது.

இந்த நிறக் கணக்கு ஜெர்மனியின் செர்ரி கம்பெனியிலிருந்து வந்தது. அவர்களுடைய எம்எக்ஸ் சுவிட்ச் 1980-களிலேயே வந்துவிட்டது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுடெமு போன்ற சீனக் கம்பெனிகள் அதே அமைப்பில் தாராளமாகச் செய்யத் தொடங்கின. நமக்கு 2,500, 3,000-க்குக் கிடைப்பது அதனால்தான். நீலம் என்றால் தடையும் சத்தமும். பழுப்பு என்றால் லேசான தடை, ‘டிக்’ கிடையாது. சிவப்பு வழுவழுவென்று இறங்கும். செர்ரி சிவப்புக்கு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம் போதும். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் விசையில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அந்த மிச்சம் 2 மில்லிமீட்டர்தான் என் சுண்டுவிரலைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன். கறுப்பும் சிவப்பு மாதிரியே வழுவழுப்புதான், ஆனால் 60 கிராம். சுண்டுவிரலில் ஆறு மெய்யெழுத்து வைத்திருக்கிற நமக்கு அது வேண்டாம்.

சிவப்பிலும் கஷ்டம் உண்டு. டைப்ரைட்டரில் பழகிய கை விசைமேல் பாரமாக உட்காரும். முதல் இரண்டு வாரம் தொட்டதெல்லாம் எழுத்தாக விழுந்தது. ‘பழுப்பு வாங்கியிருக்கலாமே’ என்று நீங்கள் சொன்னால் அதுவும் நியாயம்தான். தடுமாற்றம் பயமென்றால் பழுப்பு வாங்குங்கள், தப்பில்லை.

இப்போது எனக்கு நிஜமாகவே நஷ்டம் வந்த கதை. ஒன்றரை வருடம் கழித்து ட விசை ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து போட ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனையில் தூசியோ தேய்மானமோ வந்தால் இப்படி ஆகும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து இரண்டாக விழுந்தால் பெரும்பாலும் எழுத்துப்பிழையாகக் கண்ணில் படும். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும் அல்லவா? வேகமாக அடிக்க உதவும் அந்த நல்ல விஷயமே என் காலை வாரியது. ‘படம்’ ‘பட்டம்’ ஆகும், ‘கடை’ ‘கட்டை’ ஆகும். எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் கோடு போடாது. ஒரு மெஷின் கையேட்டில் ‘பட்டம் 4-ஐப் பார்க்கவும்’ என்று பதினோரு இடத்தில் போய்விட்டது. நானும் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். களைத்த கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும். அந்தக் கோப்புக்கு வர வேண்டியதில் 15 சதவீதத்தை வேலை கொடுத்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பிடித்தது சரி, தப்பு என்னுடையது. ஆனால் எந்தக் கூலியிலிருந்து பிடித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே தமிழ்ச் சொல் எண்ணிக்கைக்குத்தான் காசு. ‘ஐ ஹேவ் பீன் கமிங்’ என்பது ஆங்கிலத்தில் நான்கு சொல், இடைவெளியோடு 18 தட்டு. அதைத் தமிழில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று அடிக்கிறேன். தமிழ்99-இல் எண்ணிப் பாருங்கள், அதுவும் சரியாக 18 தட்டு. விரலுக்கு அதே வேலை, மூளைக்கு அதிகம், கூலி மட்டும் ஒரு சொல்லுக்கு. வேற்றுமை உருபையும் துணைவினையையும் சேர்த்து எழுதுவது நம் மொழியின் இயல்பு. அதற்காகக் கூலியைக் குறைப்பது என்ன நியாயம்? பிரித்துப் பிரித்து எழுதி எண்ணிக்கையைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. மூலத்தின் சொல்லுக்குக் காசு கொடுங்கள் என்று பல வருடமாகக் கேட்கிறேன், பதிலே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். தட்டச்சு செய்து பிழைக்கிற யாரும் கீபோர்டு வாங்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது, 3,000 ரூபாய் என்றால் எத்தனை சொல் என்று கணக்கு ஓடும்.

சரி, ட-வுக்கு வருகிறேன். புது சுவிட்ச் வாங்கக்கூட இல்லை. ஸ்க்ரோல் லாக் என்று ஒரு விசை இருக்கிறதே, அதன் சுவிட்ச்சைக் கழற்றி ட-வில் மாட்டினேன், ட-வின் சுவிட்ச்சை அங்கே மாட்டினேன். பெட்டியோடு வந்த இடுக்கியால் ஐந்து நிமிட வேலை. இதற்காகவே சொல்கிறேன், சுவிட்ச் கழற்ற முடியாத பலகையை 500 ரூபாய் குறைவு என்று வாங்காதீர்கள். அதில் ஒரு சுவிட்ச் கெட்டால் ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. விலை குறைந்த சில பலகைகளின் துளை, ஒரே கம்பெனியின் மெல்லிய காலுக்கென்று குறுகலாக இருக்கும். பிறகு ஒரு தடவை தெரியாமல் வேறு கம்பெனி சுவிட்ச் பத்து வாங்கி, அழுத்தி மாட்டப் பார்த்து, கால் மடங்கி நாலு வீணாகிப்போனது. எந்த சுவிட்ச் சேரும் என்று விளம்பரத்தின் கடைசி வரிவரை படியுங்கள்.

கீகேப்பில், அதாவது விசையின் மேல்மூடியில், இரட்டை வார்ப்பு என்று போட்டிருந்தால் எழுத்து அழியாது, ஏனென்றால் எழுத்தே தனி பிளாஸ்டிக். பிபிடி என்ற பிளாஸ்டிக் என்றால் எண்ணெய்ப் பளபளப்பு சீக்கிரம் ஏறாது. கண்ணால் பார்க்காமல் அடிப்பவருக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். கலர் விளக்கு பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அணைத்து வைத்திருக்கிறேன். ஸ்பேஸ் பார் கடகடவென்றால் அதன் அடிக்கம்பி முனையில் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், அது வழிந்து சுவிட்ச்சுக்குள் போகும்.

இந்தப் பலகைகள் சாதாரணத்தைவிட உயரம். பின்னால் இருக்கும் காலை விரிக்காதீர்கள், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். நான் ஆசாரியிடம் ஒரு மரத்துண்டு இழைத்து வாங்கித் துணி சுற்றி முன்னால் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு பழைய வேட்டித் துண்டால் மூடிவிடுவேன், இன்ஸ்டிடியூட்டில் மெஷினுக்கு உறை போட்டது மாதிரி. பக்கத்தில் முறுக்கு வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள், எறும்பு வந்தால் சுவிட்ச்சுக்குள்தான் குடியேறும்.

‘5,000-க்குக் கீழே இருப்பதெல்லாம் கீபோர்டே இல்லை’ என்று சிலர் எழுதுவார்கள். விரலுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரிகிறவர்கள் வாங்கட்டும். என் 2,700 ரூபாய்ப் பலகைக்கு இது மூன்றாவது வருடம்.

வாங்கியதும் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே வெற்று நோட்பேடைத் திறந்து, ஆங்கிலத்தில் வைத்து, ஒவ்வொரு விசையையும் ஐம்பது தடவை தட்டி எண்ணுங்கள். ஆங்கிலத்தில் வைக்கச் சொல்வது, புள்ளி தானாக வந்து கோளாறை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஐம்பதுக்கு ஐம்பத்தொன்று விழுந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். சாய்கோட்டில் தொடங்குங்கள்.