மகளின் ராணுவச் சீருடைக்காக நகையை அடகு வைக்க வேண்டுமா?

அடகுக்கடைப் பக்கம் போகாதீர்கள், அம்மா. மகள் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குத் தேர்வாகிவிட்டாள் என்ற நல்ல செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, சீருடைச் செலவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உறவினர் ஒருவர் லட்சக் கணக்கில் ஆகும் என்று பயமுறுத்தியிருக்கிறார். வீட்டிலிருந்து பெரிய தொகை எதுவும் தேவைப்படாது. ஏன் என்று விளக்குகிறேன்.

பயிற்சிக் காலத்தில் தங்குமிடம், உணவு, புத்தகம், சீருடை, மருத்துவம் எல்லாம் அரசின் செலவு. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பிலேயே இது இருக்கிறது. கைச்செலவு மட்டும்தான் பயிற்சி பெறுபவருடையது. அதோடு, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பயிற்சி 49 வாரம். பிடித்தங்கள் போனாலும் மாதம் 5,000 ரூபாயை உங்கள் மகளால் தாராளமாக ஒதுக்க முடியும். சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே இதைத் தொடங்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

“தம்பி மகன் அக்னிவீரனாக, அதாவது சிப்பாயாகப் போனபோது சட்டை முதல் பூட்ஸ் வரை அவர்களே கொடுத்தார்களே, அதிகாரிக்கு மட்டும் ஏன் செலவு?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஜவானாகச் சேருபவருக்குப் பயிற்சி மையத்தின் கிடங்கிலிருந்தே உடையும் பூட்ஸும் வழங்கப்படும். நம் ஆவடியில் 1961 முதல் இயங்கும் படை உடைத் தொழிற்சாலை இந்தத் தேவைக்காகவே உருவானது. அதிகாரிகளுக்கு வழக்கம் வேறு. அகாடமியை விட்டு லெப்டினன்டாக, அதாவது முதல் நிலை அதிகாரியாக வெளியே வந்த பிறகு, அணிவகுப்புக்கும் விழாவுக்கும் விருந்துக்கும் உரிய உடைகளைப் பெரும்பாலும் அவர்களே தைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக அரசு ஆண்டுதோறும் சீருடைப் படி (அலவன்ஸ்) என்று ஒரு தொகை தருகிறது.

உறவினர் சொன்ன செலவு இந்த இடத்தில்தான் வருகிறது. அன்றாடம் அணியும் ஆலிவ் பச்சை உடை, குளிர்கால விழா உடை, மெஸ்ஸில் விருந்து நாளில் அணியும் உடை, தோல் பெல்ட், முன்விளிம்பு வைத்த பீக் கேப், விளிம்பில்லாத மென்மையான பெரே தொப்பி என்று வரிசை நீளமானதுதான். ஆனால் இவற்றில் பலவற்றைப் பயிற்சி முடியும் தறுவாய்க்கு முன்னால் வாங்கவே முடியாது. பொத்தானில் எந்தச் சின்னம், தோளில் எந்த நிறக் கயிறு, தொப்பி என்ன நிறம் என்பதெல்லாம் அவர் சேரப்போகும் பிரிவைப் பொறுத்தவை. டாங்கிகளை இயக்கும் கவசப் படைக்குக் கறுப்பு பெரே, பாராசூட் படைக்கு மெரூன். உங்கள் மகள் தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸுக்குப் போவாரா, பொறியியல் படைக்கா என்று இன்று யாருக்கும் தெரியாது. 2023 ஏப்ரலில் இதே பரங்கிமலையிலிருந்து ஐந்து பெண்கள் முதன்முறையாகப் பீரங்கிப் படைக்குச் சென்றார்கள். பிரிவு முடிவாகும் முன் ஊரில் ஒரு தையல்காரர் “ராணுவ செட் மொத்தமும் என்னிடம் இருக்கிறது” என்று முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான, புள்ளி வடிவம் கொண்ட புதிய போர்க்கள உடை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அதன் வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. வெளிச்சந்தையில் அதை விற்க அனுமதி இல்லை. கடையில் அதே புள்ளி வடிவத் துணி தொங்கினாலும் வாங்க வேண்டாம்.

இனி படியைப் பற்றி. முன்பு அதிகாரிகளுக்குத் தொடக்க உடைத் தொகை, உடைப் பராமரிப்பு என்று பல தலைப்புகளில் பணம் வந்தது. உறவினர் ராணுவத்தில் இருந்தவராகி, ஓய்வுபெற்று நாளாகியிருந்தால் அவர் சொல்வது அந்தக் காலத்து நடைமுறையாக இருக்கலாம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை 1 முதல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சீருடைப் படி ஆக்கினார்கள். அதிகாரிக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், ஜவானுக்கு 10,000. ஜூலை மாதச் சம்பளத்தோடு ஒரே தவணையில் வரும். அகவிலைப்படி 50 சதவீதம் கூடும்போதெல்லாம் இது 25 சதவீதம் உயர வேண்டும் என்பது விதி. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால், அந்தக் கணக்கில் அதிகாரிக்கு 25,000, ஜவானுக்கு 12,500.

சிக்கல் தொகையில் இல்லை, தேதியில் இருக்கிறது. உடை தைக்க வேண்டியது அதிகாரியாகும் நேரத்தில். படி வருவதோ ஜூலையில். இடையில் வரும் அந்தச் சில மாதங்களுக்குத்தான் மாதம் 5,000 ஒதுக்கச் சொன்னேன். பத்து மாதத்தில் 50,000 சேர்ந்துவிடும். எல்லா உடையையும் முதல் மாதமே தைக்க வேண்டியதும் இல்லை. உடனே தேவைப்படுவதை முதலில் தைத்துக்கொண்டு, மற்றதை யூனிட்டுக்குப் போய் மூத்த அதிகாரிகளிடம் கேட்டுத் தைக்கலாம். ராணுவ கேன்டீனில் துணியும் காலணியும் விலை குறைவாகக் கிடைக்கும். லெப்டினன்டின் அடிப்படை ஊதியம் 56,100. அதன் மேல் ராணுவப் பணி ஊதியம் 15,500. கடனில் தொடங்க வேண்டிய வேலை இல்லை இது.

இளைய மகன் கடக்வாஸ்லாவுக்கு, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு, விண்ணப்பிக்கப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குத்தான் நீங்கள் இப்போதே சேமிக்க வேண்டும். அங்கும் பயிற்சியும் சீருடையும் அரசின் செலவுதான் என்றாலும், சேரும்போது கைச்செலவு, சில உடைகள், குழுக் காப்பீடு ஆகியவற்றுக்காகப் பெற்றோர் ஒரு தொகை கட்ட வேண்டும். அண்மைய அறிவிப்புகளில் அது ஏறத்தாழ 60,000 ரூபாய். பெற்றோரின் மாத வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நிதியுதவி கேட்கலாம். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போக வேண்டும் என்பதால் வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உதவி கிடைத்தால் கட்டிய தொகையில் ஒரு பகுதி திரும்ப வரும்.

மகளுக்கு இப்போது வாங்க வேண்டியவை சேர்க்கைக் கடிதத்தோடு வரும் பட்டியலில் இருக்கும். மஃப்டி என்று அவர்கள் சொல்லும் சாதாரண உடை, ஓட்டப் பயிற்சிக்கான ஷூ, பெட்டி போன்றவைதான். ஷூவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் உதவித்தொகை வரும் வரை கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்புங்கள். பட்டியல் வந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று குறித்து அனுப்புகிறேன். அதுவரை கடைக்குப் போக வேண்டாம்.